கார்டு இருந்தும் பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் குத்திவிட்டார்கள்: என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். வேலை டப்ளினில். நான் இந்திய பாஸ்போர்ட். என்னிடம் அயர்லாந்து அரசு தந்த ‘ஸ்டாம்ப் 4 ஈயூ ஃபேம்’ (ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தாருக்கான அனுமதி வகை) ரெசிடென்ஸ் கார்டு இருக்கிறது. கார்டு கைக்கு வருவதற்கு முன்பு விசா எடுத்து பாரிஸ் போனேன். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஸ்டாம்ப் குத்தினார்கள். போன டிசம்பரில் கார்டோடு மறுபடியும் போனோம். கணவர் தானியங்கிக் கேட் வழியாகப் போய்விட்டார். நான் கவுண்டரில் பாஸ்போர்ட்டையும் கார்டையும் கொடுத்தேன். அதிகாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நுழைவு ஸ்டாம்ப் குத்தினார். திரும்பும்போது இருந்த அதிகாரி ஸ்டாம்ப் குத்தவே இல்லை. இப்போது நான் ஐரோப்பாவுக்குள் போனதாக மட்டும்தான் பாஸ்போர்ட் சொல்கிறது, வெளியே வந்ததாக இல்லை. ஓவர்ஸ்டே என்று பின்னால் பிரச்சினை வருமா? அந்த ஸ்டாம்ப்பின் மேல் கோடு போட்டு ரத்து செய்து தரச் சொல்லலாமா? கோடையில் ரோம் போகிறோம். அங்கே கைரேகை வைக்க வேண்டுமா? ஊரிலிருந்து வரும் என் அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு என்ன விதி?

— டப்ளின் வாசகி

பதில்: பயப்பட வேண்டாம், சகோதரி. டிசம்பரில் நுழையும்போது குத்தியதுதான் தவறு. வெளியேறும்போது குத்தாமல் விட்டது சரி. கார்டு வருவதற்கு முந்தைய பயணத்தில் இரண்டு ஸ்டாம்ப்பும் விழுந்ததும் சரிதான். ஒரே விதியின்படிதான் மூன்றையும் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் அவர்கள் குடும்பத்தினரும் ஒன்றியத்துக்குள் போய்வர, தங்க உள்ள உரிமையைச் சொல்வது 2004ஆம் ஆண்டின் டைரக்டிவ் 2004/38 என்ற ஒன்றியச் சட்டம். அதன் 5ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, குடும்ப உறுப்பினர் அதே டைரக்டிவின் 10ஆம் பிரிவின்படி வழங்கப்பட்ட ரெசிடென்ஸ் கார்டைக் காட்டினால் அவருடைய பாஸ்போர்ட்டில் நுழைவு ஸ்டாம்ப்போ வெளியேற்ற ஸ்டாம்ப்போ குத்தக் கூடாது என்கிறது. எல்லை அதிகாரிகள் தினமும் புரட்டும் ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைச் சட்டம், அதாவது 2016/399ஆம் எண் ஒழுங்குமுறை, தன் 11ஆம் பிரிவில் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறது: குடும்ப உறுப்பினர்தான், ஆனால் அந்தக் கார்டைக் காட்டவில்லை என்றால் ஸ்டாம்ப் குத்த வேண்டும். ஆக, திருமணம் ஆனதால் மட்டும் விலக்கு வந்துவிடாது. கார்டு இருக்க வேண்டும். அதைக் கவுண்டரில் காட்டவும் வேண்டும். கார்டுக்கு விண்ணப்பித்ததற்கான சான்றிதழ் கார்டு ஆகாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவருக்கு விசாவும் தேவை, ஸ்டாம்ப்பும் விழும். அந்த விசாவுக்குக் கட்டணம் கிடையாது, விரைவாகவும் தர வேண்டும்.

எந்தக் கார்டு என்பதில்தான் நம் குடும்பங்கள் பலவும் இடறுகின்றன. உங்கள் கார்டை எடுத்து எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் முதல் வழங்கப்படும் கார்டுகளில் ‘ரெசிடென்ஸ் கார்டு’ என்ற தலைப்பும், ‘ஃபேமிலி மெம்பர் ஈயூ ஆர்ட் 10 டிஐஆர் 2004/38/ஈசி’ என்ற வரியும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு தங்கிய பின் கிடைக்கும் நிரந்தரக் கார்டில் 10க்குப் பதில் 20 என்று இருக்கும். அதற்கும் இதே மதிப்புதான். இந்த வடிவத்துக்கு முந்தைய பழைய கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் எந்தத் தேதி அச்சாகியிருந்தாலும் 2026 ஆகஸ்ட் 3க்கு மேல் அது செல்லாது. கோடைப் பயணத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

கணவர் அயர்லாந்துக் குடிமகனாக இருந்து, மனைவிக்கு வெறும் ‘ஸ்டாம்ப் 4’ கார்டு கிடைத்திருந்தால் கதை வேறு. அது அயர்லாந்தின் உள்நாட்டுச் சட்டப்படி கொடுத்த அனுமதி. டைரக்டிவின் 10ஆம் பிரிவுக் கார்டு அல்ல. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர் அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் பாரிசில் இறங்க முடியாது. உங்கள் தோழி யாராவது “என்னிடமும் ஸ்டாம்ப் 4தானே இருக்கிறது” என்று கிளம்பினால் முதலில் அவர் கார்டில் ‘ஈயூ ஃபேம்’ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதே சிக்கல் எதிர்த்திசையிலும் உண்டு. பிரான்சில் பிரெஞ்சுக்காரரின் மனைவி என்ற முறையில் பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டப்படி கார்டு வாங்கிய ஒருவர், அதை வைத்து விசா இல்லாமல் டப்ளினுக்கு வர முடியாது.

உங்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் போனது கணவரின் சொந்த நாட்டுக்கு. டைரக்டிவ் அடிப்படையில், குடிமகன் தன் நாடு அல்லாத வேறு உறுப்பு நாட்டுக்குப் போகும்போது பொருந்துவது. “உங்கள் கணவர் பிரெஞ்சுக்காரர், இது பிரான்ஸ், ஐரோப்பிய விதி இங்கே வராது” என்று ஓர் அதிகாரி வாதிட இடம் இருப்பது போலத் தோன்றும். அந்த வாதத்துக்கு 2014 டிசம்பர் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் மெக்கார்த்தி வழக்கில் பதில் சொல்லிவிட்டது. ஸ்பெயினில் வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ் குடிமகனின் கொலம்பிய மனைவி, ஸ்பெயின் கொடுத்த 10ஆம் பிரிவுக் கார்டோடு கணவருடன் பிரிட்டனுக்குப் போகத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றது பிரிட்டன். அப்போது பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தது. 5ஆம் பிரிவு ‘உறுப்பு நாடுகள்’ என்று பொதுவாகச் சொல்கிறது, குடிமகனின் சொந்த நாட்டைப் பிரித்துச் சொல்லவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அது நுழைவு அனுமதி பற்றிய தீர்ப்பு. ஆனாலும் ஸ்டாம்ப்புக்கும் அதே வழியில்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஷெங்கன் சட்டத்தின் 11ஆம் பிரிவும் கார்டு காட்டினாரா இல்லையா என்றுதான் பார்க்கிறது.

அப்படியானால் அந்த அதிகாரி ஏன் குத்தினார்? உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: கணவர் கேட் வழியாகப் போய்விட்டார். கவுண்டரில் இருப்பவரின் கையில் ஓர் இந்திய பாஸ்போர்ட்டும், ஷெங்கனில் இல்லாத அயர்லாந்தின் கார்டும் மட்டும் இருந்தன. கார்டு செல்ல வேண்டுமானால் நீங்கள் ஒன்றியக் குடிமகனோடு போக வேண்டும், அல்லது அவரிடம் போய்ச் சேர வேண்டும். அந்தக் குடிமகன் அவர் கண்ணில் படவே இல்லை. இப்படித் தவறாக விழும் ஸ்டாம்ப்புகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனிமேல் இருவரும் சேர்ந்தே நில்லுங்கள். ‘ஈயூ, ஈஈஏ, சிஎச்’ என்று பலகை வைத்த வரிசையில் நிற்க உங்களுக்கும் உரிமை உண்டு. எல்லைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அதைத் தருகிறது. கேட் உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் திறக்காது. அதனால் கணவரும் கேட்டை விட்டுவிட்டு, ஆள் இருக்கும் கவுண்டருக்கே உங்களோடு வர வேண்டும். கணவரின் பாஸ்போர்ட், உங்கள் பாஸ்போர்ட், அதன் மேல் கார்டு என்று ஒன்றாக ஒரே கையில் கொடுங்கள். உங்கள் இருவர் பெயரும் பொருந்தாது, நம் ஊர்ப் பெயர்களில் குடும்பப் பெயர் என்பதே பாதிப் பேருக்கு அப்பா பெயர்தான். எனவே திருமணச் சான்று கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட வேண்டாம். புதுச்சேரி பிரெஞ்சுக் குடும்பங்களிடம் இருக்கும் ‘லிவ்ரே தெ ஃபமீய்’ குடும்பப் புத்தகம் இருந்தால் பாரிசில் அதைவிட நல்ல சான்று இல்லை. அதிகாரி ஸ்டாம்ப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே, “ஆர்ட்டிகிள் 10 ரெசிடென்ஸ் கார்டு, நோ ஸ்டாம்ப் ப்ளீஸ்” என்று சொல்லிவிடுங்கள். குத்திய பிறகு பேசிப் பயனில்லை.

மறுத்தால் மேலதிகாரியைக் கூப்பிடும்படி பணிவாகக் கேளுங்கள். அப்போதும் குத்தினால் அங்கே சண்டை வேண்டாம். முனையம், கவுண்டர் எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வெளியே வந்தபின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஆணையம் உறுப்பு நாடுகளோடு நடத்தும் ‘சால்விட்’ சேவையில் இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. பத்து வாரத்துக்குள் தீர்வு காண்பது அவர்கள் இலக்கு. நடந்துபோன ஸ்டாம்ப்பை அவர்களால் மறைய வைக்க முடியாது. ஆனால் ‘அது தவறு’ என்று எழுத்தில் ஒரு பதில் கிடைத்தால், உங்கள் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள அது அருமையான காகிதம்.

இப்போது அந்த ஒற்றை ஸ்டாம்ப். நீங்கள் அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஷெங்கன் நுழைவு ஸ்டாம்ப் கூர்மையான மூலைகள் உள்ள செவ்வகம். வெளியேற்ற ஸ்டாம்ப்பின் மூலைகள் வளைந்திருக்கும். இடது மேல்மூலையில் நட்சத்திர வட்டத்துக்குள் நாட்டின் எழுத்து, வலது மேல்மூலையில் விமானமோ காரோ கப்பலோ ரயிலோ, நடுவில் தேதி, கீழே எல்லைச் சாவடியின் பெயர். உங்களிடம் இருப்பது உண்மையிலேயே நுழைவு ஸ்டாம்ப்தானா, மங்கலாக விழுந்த வெளியேற்ற ஸ்டாம்ப் வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா என்று எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். அதிகாரிகள் கிடைத்த பக்கத்தில் குத்துவது வழக்கம்.

இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எல்லைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நுழைவு ஸ்டாம்ப் இல்லாத ஒருவர் அனுமதித்த நாட்களைத் தாண்டித் தங்கியிருக்கலாம் என்று ஊகிக்க அதிகாரிக்கு இடம் தருகிறது. நம்பத்தக்க சான்று கொடுத்து அந்த ஊகத்தை உடைக்கலாம் என்றும் அதே பிரிவே சொல்கிறது. பயணச் சீட்டும், ஷெங்கனுக்கு வெளியே இருந்ததற்கான ஆதாரமும் போதும். உங்களுக்கு இருப்பது நுழைவு ஸ்டாம்ப், இல்லாதது வெளியேற்றம். கார்டு உள்ளவருக்கு வெளியேற்ற ஸ்டாம்ப் குத்தவே கூடாது என்பதால் அது இல்லாதது உங்களுக்கு எதிரான சான்று ஆகாது. ஆனாலும் சட்டத்தை விளக்கிக்கொண்டு நிற்பதைவிட ஒரு காகிதத்தை நீட்டுவது எளிது. பாரிஸ்–டப்ளின் போர்டிங் பாஸை பி.டி.எஃப் ஆக எடுத்து வையுங்கள். விமான நிறுவனங்களின் ஆப்பில் அது சில நாளில் காணாமல் போய்விடும். டிக்கெட் உறுதிசெய்த மின்னஞ்சல், டப்ளினில் இறங்கியபோது ஸ்டாம்ப் விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தின் நகல், அடுத்த சில நாட்களில் டப்ளினில் வேலைக்குப் போன பதிவு அல்லது மருத்துவர் ரசீது ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். இந்தப் பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை ஒரே உறையில் இருக்கட்டும். பிற்காலத்தில் பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ விசா கேட்டு, பழைய ஸ்டாம்ப்புகளைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டாலும் இதே உறை உதவும்.

ஸ்டாம்ப்பின் மேல் கோடு போட்டு ரத்து செய்து தரச் சொல்லாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஒருவரை எல்லையில் திருப்பி அனுப்பும்போது, நுழைவு ஸ்டாம்ப் குத்தி, அதன்மேல் அழியாத கறுப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, வலப்பக்கத்தில் மறுப்புக்கான காரண எழுத்தையும் எழுத வேண்டும் என்பது எல்லைச் சட்டத்தின் 5ஆம் இணைப்பில் உள்ள நடைமுறை. நல்லெண்ணத்தோடு ஓர் அதிகாரி உங்கள் ஸ்டாம்ப்பின் மேல் கோடு இழுத்துக் கொடுத்தால், வருங்காலத்தில் அதைப் பார்க்கிறவருக்கு நீங்கள் நுழைவு மறுக்கப்பட்டவர் போலத் தோன்றும். தவறாக விழுந்த ஒரு சாதாரண ஸ்டாம்ப் அதைவிட எவ்வளவோ மேல். நீங்களாகப் பேனாவால் தொடுவது பற்றிப் பேசவே வேண்டாம். பாஸ்போர்ட்டே செல்லாமல் போய்விடும் ஆபத்து உண்டு.

ரோம் பயணத்துக்கு வருவோம். இத்தாலி உங்கள் கணவரின் சொந்த நாடு அல்ல. டைரக்டிவ் அங்கே எந்தச் சுற்றுவழியும் இல்லாமல் நேரடியாகப் பொருந்தும். கைரேகை, முகப்படம் எடுத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் ‘என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம்’, சுருக்கமாக ஈஇஎஸ், 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 2026 ஏப்ரல் 10க்குள் எல்லாச் சாவடிகளிலும் முழுதாக வரும்படி திட்டமிட்டார்கள். ஸ்டாம்ப்புக்குப் பதிலாக வரும் ஏற்பாடு இது. அயர்லாந்தும் சைப்ரசும் இதில் இல்லை. இதைக் கொண்டுவந்த 2017/2226ஆம் எண் ஒழுங்குமுறையின் 2ஆம் பிரிவு, டைரக்டிவின்படி ரெசிடென்ஸ் கார்டு உள்ள குடும்ப உறுப்பினரை முழுவதுமாக வெளியே வைக்கிறது. குடிமகனோடு வந்தாலும் தனியாக வந்தாலும் சரி. ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கியதும் பணியாளர்கள் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து உங்களைக் கைரேகை இயந்திரத்தின் பக்கம் திருப்பிவிடுவார்கள். கார்டைக் காட்டி, கணவரோடு ஒன்றிய வரிசைக்கே போங்கள். தப்பித்தவறிப் பதிந்துவிட்டால், அந்தப் பதிவைத் திருத்தவோ அழிக்கவோ எழுத்தில் கோரலாம். 45 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

180 நாளில் 90 நாள் என்ற கணக்கும் இத்தாலியில் கணவரோடு இருக்கும் நாட்களுக்குக் கிடையாது. ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் மூன்று மாதம் வரை அவரோடு தங்க உங்களுக்கு உரிமை.

டப்ளின் விமான நிலையத்தில்தான் முதல் தடையே வரக்கூடும். இணையத்தில் செக்-இன் செய்துவிட்டு நேராக கேட்டுக்குப் போகாதீர்கள். ஆவணம் சரிபார்க்கும் கவுண்டரில் கணவரோடு போய்க் கார்டைக் காட்டிவிடுங்கள். விசா இல்லாத பயணியை ஏற்றினால் அபராதம் விழும் என்று விமான நிறுவனங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஷெங்கனில் இல்லாத நாடு கொடுத்த நிரந்தரக் கார்டோடு லண்டனிலிருந்து புடாபெஸ்ட் போன ஓர் உக்ரைன் பயணிக்காக ஒரு நிறுவனத்துக்கு அப்படி அபராதம் போட்டார்கள். 2020 ஜூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பயணிக்கு விசா தேவையில்லை என்றது. வழக்கு எண் சி-754/18. தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கவுண்டரில் பேச்சு சீக்கிரம் முடியும்.

கணவர் இல்லாமல் தோழிகளோடு பார்சிலோனா போக நினைத்தால் மட்டும் இந்தக் கார்டை நம்பிப் போகாதீர்கள். அயர்லாந்துக் கார்டுக்கு விசா விலக்கு கிடைப்பது அவரோடு போகும்போது அல்லது அவரிடம் போய்ச் சேரும்போதுதான். அவர் வேலையாக முன்பே ரோமில் இருக்கிறார், நீங்கள் பின்னால் போகிறீர்கள் என்றால் அது ‘போய்ச் சேர்வது’ ஆகும். அவருடைய பாஸ்போர்ட் நகல், டிக்கெட், அறை பதிவு செய்த தாள் ஆகியவை கையில் வேண்டும். பிரிட்டனுக்கு இந்தக் கார்டு இப்போது எதற்கும் உதவாது. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குச் சாலையில் சோதனை இல்லை என்பதற்காக விசா இல்லாமல் போவதும் சட்டமீறல்தான்.

அம்மாவுக்கு விதி வேறு. அவர் தன் வருமானத்தில், ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்றால் சாதாரணப் பயணி: இத்தாலியின் ஷெங்கன் விசா, 90 நாள் கணக்கு, ஈஇஎஸ் பதிவு எல்லாம் உண்டு. விசாவுக்காக ஏற்கெனவே கைரேகை கொடுத்திருப்பார் என்பதால் எல்லையில் முகப்படம் மட்டும் எடுப்பார்கள். அவர் உங்கள் இருவரையும் சார்ந்தே வாழ்கிறார் என்று காட்ட முடிந்தால், அதாவது மாதாமாதம் நீங்கள் அனுப்பும் பணம் இல்லாமல் ஊரில் அவருக்கு அடிப்படைச் செலவு ஓடாது என்று வங்கிப் பதிவுகளால் நிறுவ முடிந்தால், அவரும் டைரக்டிவின்படி குடும்ப உறுப்பினர். துணைவரின் பெற்றோரும் அதில் அடக்கம். அப்போது விசா இலவசம், 90 நாள் கணக்கும் கிடையாது. ஆனால் கார்டு இல்லாததால் ஈஇஎஸ் பதிவு இருக்கும். மற்றவர்களுக்கு மூன்று ஆண்டு வைத்திருக்கும் பயணப் பதிவை அவருக்கு வெளியேறியதிலிருந்து ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள்.

அம்மா டப்ளினுக்கு வர அயர்லாந்து விசா தனியாக வேண்டும். ஷெங்கன் விசா அதற்குச் செல்லாது. ஒருமுறை மட்டும் நுழையும் அயர்லாந்து விசாவில் வந்தவர் ரோம் போனால் மறுபடி டப்ளினுக்குள் வர முடியாது. விண்ணப்பத்திலேயே பலமுறை நுழையும் விசா கேளுங்கள், ரோம் பயணத் திட்டத்தையும் இணைத்துக் காரணம் எழுதுங்கள். அது கிடைக்காவிட்டால் ஊரிலிருந்து அவர் முதலில் ரோமில் இறங்கி, உங்களோடு அங்கே தங்கி, பிறகு டப்ளின் வந்து ஊர் திரும்பும்படி டிக்கெட்டை மாற்றி அமையுங்கள்.